நோயுற்றவரின் மனமும் மாண்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டு, வரவு செலவுக் கணக்கும் ஒப்புதல் பெற்ற பின்னர், புற்றுநோயைப் பற்றிச் சிறிது நேரம் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். நான் மருத்துவன் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன். நோயின் அறிகுறிகள் யாவை, எந்தப் பரிசோதனையை எந்த வயதில் செய்துகொள்ள வேண்டும் என்பனவற்றை மருத்துவர்கள் சொல்வதே முறை. சென்ற ஆண்டு நடந்த முகாமில் அவர்கள் அதைத் தெளிவாகவே சொல்லிச் சென்றார்கள். நோய் வந்துவிட்ட பிறகு அந்த மனிதரிடம் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோம் என்பதைப் பற்றி மட்டுமே நான் பேச இயலும். அதைப் பேசும் தகுதி எனக்கு நான் சரியாக நடந்துகொண்டதனால் வரவில்லை. தவறாக நடந்துகொண்டதனால் வந்தது. அதைப் பின்னர் கூறுகிறேன்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 14.6 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது இந்நோய் வரும் வாய்ப்பு உண்டு என்றும் அந்த மதிப்பீடு கூறுகிறது. அப்படியானால் இந்தப் பள்ளிவாசலின் ஒவ்வொரு வரிசையிலும் இந்நோயை அறிந்தவர், அல்லது அறியப்போகிறவர், அமர்ந்திருக்கிறார் என்று பொருள். இது பிறர் வீட்டுச் செய்தி என்று நம்மில் எவரும் ஒதுங்கிவிட முடியாது.

சானடோரியம் தரும் பாடம்

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையே உள்ள ரயில் நிலையத்தின் பெயர் நம் அனைவருக்கும் தெரியும். 'தாம்பரம் சானடோரியம்' என்ற அந்தப் பெயரை அன்றாடம் உச்சரிக்கிறோம். ஆனால் அது ஒரு நோயின் பெயரால் வந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டோம். இங்கிலாந்தில் காசநோய் மருத்துவமனை நடத்திய அனுபவமுடைய டாக்டர் சவுரிமுத்து என்னும் பெருமகனார், 1928ஆம் ஆண்டில் இங்கே காசநோயாளிகளுக்கான சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். 1937இல் அதனை அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குவது அதுவே.

என் சிறு வயதில் எங்கள் அத்தா என்னை மின்சார ரயிலில் அழைத்துச் செல்லும்போது, அந்த நிலையம் வந்ததும் சிலர் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். காசநோய் வந்தவரின் தட்டு தனி, பாய் தனி, அவர் அமரும் திண்ணையும் தனி. அவர் வீட்டில் பெண் எடுக்கவும் பெண் கொடுக்கவும் அஞ்சினார்கள்.

ஆனால் உண்மை என்ன? 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு பகுதியினரை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தது. நெருக்கடியான சிறு வீடுகளில் குறைந்த உணவோடு வாழ்ந்த ஏழைகளும், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நிகராகக் குணமடைந்தார்கள். அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை. 1959இல் வெளிவந்த இந்த முடிவு, உலகெங்கும் காசநோய் சிகிச்சை நடைபெறும் முறையையே மாற்றியது. மருந்து உட்கொள்ளத் தொடங்கியவரை வீட்டைவிட்டு விலக்கத் தேவையில்லை என்று உலகுக்குச் சொன்ன ஊர் நம் சென்னை.

பின்னர் 1986இல் எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. எங்கும் ஏற்றுக்கொள்ளப்படாத அந்த நோயாளிகளுக்கு 1993 முதல் கதவைத் திறந்து வைத்ததும் இதே தாம்பரம் மருத்துவமனைதான். அப்போதும் நம் பகுதியில் அச்சம் எழுந்தது. நாளடைவில் அறிவு வந்தது, அச்சம் குறைந்தது. இரண்டு முறை இந்தப் பாடத்தைக் கற்ற ஊரார் நாம். மூன்றாவது முறையாக, தொற்றாத ஒரு நோயிடம் அதே தவற்றைச் செய்துகொண்டிருக்கிறோம்.

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. ஒரே சஹனில் உண்டால் பரவாது. கருப்பை வாய்ப் புற்றுநோய் போன்ற சிலவற்றுக்குக் கிருமிகள் காரணமாக இருப்பது உண்மை. ஆனால் புற்றுநோய் ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்கு உணவாலோ மூச்சாலோ தாவுவதில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மரபு வழியாக வருவதும் நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான். இருந்தும் 'பெண் பிள்ளைகளுக்கு வரன் பார்க்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது' என்று தாயின் நோயை மறைக்கும் குடும்பங்கள் இந்த மஹல்லாவிலேயே உள்ளன. மறைப்பதற்காக அருகில் உள்ள மருத்துவரைத் தவிர்த்து வெளியூருக்குச் செல்கிறார்கள், சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறார்கள். அந்தத் தாய் தன் நோயைச் சுமப்பதோடு, தன்னால் மகளின் வாழ்வு கெடுமோ என்ற குற்ற உணர்வையும் சேர்த்துச் சுமக்கிறாள். வரன் பேசும்போது 'உங்கள் வீட்டில் யாருக்கேனும் அந்த நோய் உண்டா?' என்று கேட்கும் நம் வாயை முதலில் அடக்க வேண்டும்.

அடையாற்றில் 12 படுக்கைகள்

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை அறியாதவர் நம்மில் இரார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள், தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார்கள். மருத்துவராக இருந்தும் கண்ணெதிரே தங்கை துன்புற்று மறைந்த காட்சி அவர்களை விட்டு அகலவில்லை. புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அவர்கள் பல்லாண்டுகள் கேட்டார்கள். 'இந்நோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்கு மருத்துவமனை?' என்ற எண்ணமே அன்று மேலோங்கியிருந்தது. 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஜூன் 18ஆம் நாள் 12 படுக்கைகளோடு அந்த மருத்துவமனை தொடங்கியது. 1955இல் அங்கே பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா அவர்கள், 2021 ஜனவரி 19இல் மறையும் வரை அதனையே தம் இல்லமாகக் கொண்டு வாழ்ந்தார்கள்.

இந்த வரலாற்றை நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. உடலுக்கு மருந்து கொடுத்தால் போதும் என்று அவர்கள் நின்றுவிடவில்லை. புற்றுநோயாளிகளின் மனநலத்தைக் கவனிப்பதற்கென்றே அங்கே ஒரு தனித் துறை இயங்குகிறது. அத்துறையில் உயர்கல்வியும் கற்பிக்கப்படுகிறது. ஏன் அப்படி ஒரு துறை? மருத்துவமனைகளில் சிகிச்சை பெறும் புற்றுநோயாளிகளில் பத்துக்கு மூன்று அல்லது நான்கு பேர், மருத்துவ கவனிப்புத் தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றால் துன்புறுகிறார்கள் என்பதைப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, 2011இல் வெளியிட்டிருக்கிறார்கள். காய்ச்சலை அளப்பதுபோல் மனவேதனையையும் அளந்து பார்க்கும் முறை இப்போது உண்டு. 'பூஜ்யம் முதல் பத்து வரை, கடந்த ஒரு வாரத்தில் உங்கள் மனவேதனை எவ்வளவு?' என்று கேட்கிறார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் என்றால், அதற்கெனத் தனிக் கவனிப்பு வேண்டும்.

நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. மனம் சோர்ந்து அழுபவரைப் பார்த்து 'ஈமான் குறைந்துவிட்டது' என்கிறோம். மகனைப் பிரிந்த துயரத்தில் அழுதழுதே கண் பார்வையை இழந்த யஃகூப் நபி அவர்களின் வரலாற்றை நாம் ஓதியிருக்கிறோம். மகன் இப்ராஹீம் மறைந்தபோது நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கண்களும் கலங்கின என்பதை அறிந்திருக்கிறோம். பிறகு எப்படிக் கண்ணீரை ஈமானின் குறைவாகக் கணக்கிடுகிறோம்?

என் இல்லத்தில் நடந்தது

இனி என் தவற்றைச் சொல்கிறேன். 2013ஆம் ஆண்டில் என் மனைவிக்குச் சினைப்பையில் புற்றுநோய் இருப்பது தெரிய வந்தது. மருத்துவர் என்னையும் என் மூத்த மகனையும் தனியே அழைத்துச் சொன்னார். வெளியே வராந்தாவில் அவர் அமர்ந்திருந்தார். நாங்கள் இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "சாதாரணக் கட்டிதான், மருந்து ஏற்றினால் கரைந்துவிடும்" என்றோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. 'அல்ஹம்துலில்லாஹ், நம்பிவிட்டாள்' என்று எண்ணி நான் மகிழ்ந்தேன்.

ஐந்து மாதங்கள் அந்தப் பொய்யை நடத்தினோம். மருத்துவமனைக் கோப்பை அவர் கைக்கு எட்டாத அலமாரியில் வைத்தோம். உறவினர் வந்தால் வாசலிலேயே நிறுத்தி, என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று பாடம் நடத்தினேன். தலைமையாசிரியர் அல்லவா! தொலைபேசியில் பேசும்போது மொட்டை மாடிக்குச் சென்றேன். அவர் அறைக்குள் நான் நுழையும்போதெல்லாம் பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். அல்லது நான் நிறுத்தினேன். அவர் தலைமுடி கொட்டியபோது 'மருந்தின் சூடு' என்றோம்.

ஒருநாள் இஷா தொழுகை முடித்து வீடு திரும்பினேன். விளக்கைப் போடாமல் கட்டிலில் அமர்ந்திருந்த அவர் சொன்னார்: "முதல் நாளே எனக்குத் தெரியும்ங்க. அந்த ஆஸ்பத்திரி வாசல்ல எழுதியிருந்ததை எனக்குப் படிக்கத் தெரியாதா? நீங்க தாங்க மாட்டீங்கன்னுதான் நான் கேட்கல."

ஐந்து மாதங்களாக நான் அவரைக் காப்பதாக எண்ணியிருந்தேன். அவரோ என்னைக் காத்துக்கொண்டிருந்தார். மரண பயத்தை, வலியை, பிள்ளைகளைப் பற்றிய கவலையை எவரிடமும் சொல்ல வழியின்றி, எங்கள் நிம்மதிக்காகத் தெரியாதவர்போல் நடித்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே கட்டிலின் அருகில், அவரைத் தனிச் சிறையில் வைத்துவிட்டேன்.

அந்த இரவுக்குப் பின் அவர் இன்னும் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் செய்தவற்றை எண்ணிப் பார்க்கிறேன். யாருக்கு எந்த நகை என்பதைத் தாமே முடிவு செய்து எழுதி வைத்தார். மனத்தாங்கலால் பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த தம் தங்கையை வரவழைத்துப் பேசினார். நான்காம் முறை மருந்து வேண்டுமா, வேண்டாமா என்பதை மருத்துவரிடம் தாமே கேட்டுத் தாமே முடிவெடுத்தார். அந்த முதல் ஐந்து மாதங்களையும் அவரிடமிருந்து நான் பறித்திராவிட்டால் என்று நினைக்காத நாள் இல்லை.

உண்மையை எவ்வாறு சொல்வது?

என்னைப் போன்றே எண்ணியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள் என்பதைப் பிற்பாடு படித்து அறிந்தேன். அமெரிக்காவில் 1961இல் ஒரு மருத்துவமனையின் மருத்துவர்களிடம் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979இல் இதே வினாவை மீண்டும் கேட்டபோது, நூற்றுக்கு 97 பேர் சொல்வதையே விரும்பினார்கள். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு தொழிலின் வழக்கமே தலைகீழாக மாறியது. நம் நாட்டில் இன்றும் பல குடும்பங்கள் 1961இலேயே நிற்கின்றன.

உண்மையைச் சொல்வது என்றால் அறிக்கையைக் கையில் கொடுத்து நாள் குறிப்பது அன்று. அவருக்கு எவ்வளவு தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். 'எனக்கு எதுவும் தெரிய வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வாரானால் அதுவும் அவர் உரிமை. கேட்டதற்குப் பொய் சொல்லக் கூடாது. கேட்காததைத் திணிக்கவும் கூடாது. மருத்துவர் பேசும்போது நோயாளியை வராந்தாவில் உட்கார வைக்காதீர்கள். நம் வீட்டு நிலத்தை விற்பதானால் நிலத்துக்கு உரியவரை வெளியே நிறுத்திவிட்டு விலை பேசுவோமா? உடல் அவருடையது அல்லவா?

'தைரியமாக இரு' என்னும் சொல்

நல்ல எண்ணத்தோடு நாம் சொல்லும் இன்னொரு சொல்லும் காயப்படுத்துகிறது. "நீ தைரியமாக இருந்தால் நோய் ஓடிவிடும்" என்கிறோம். நோய் ஓடாவிட்டால் என்ன பொருள்? தைரியம் போதவில்லை என்று பொருள். நோய் முற்றியது நோயாளியின் குற்றம் என்று பொருள். முற்றிய மார்பகப் புற்றுநோய் உடைய 235 பெண்களைக் கொண்டு கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2001இல் வெளிவந்தது. ஒன்றாக அமர்ந்து மனம்விட்டுப் பேசும் குழுவில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிட நீண்ட காலம் வாழவில்லை. ஆனால் அவர்களின் மனவேதனை தணிந்தது. வலியின் கடுமையும் குறைவாக இருந்தது. ஆகவே, மன ஆறுதலை நோய்க்கு மருந்து என்று விற்க வேண்டாம். இருக்கும் நாள்கள் எத்தனையாயினும் அவற்றை மனிதராக வாழ்வதற்கு அது தேவை. அந்த ஒரு காரணமே போதும்.

வலியையும் பொறுமையின் பெயரால் தாங்கச் சொல்லாதீர்கள். அய்யூப் நபியின் பொறுமையை நாம் போற்றுகிறோம். அந்த அய்யூப் நபியே தம் துன்பத்தை இறைவனிடம் முறையிட்டார்கள். முற்றிய நோயின் வலிக்கு மார்ஃபின் என்னும் மருந்து உண்டு. அதனைப் பெறுவதில் இருந்த சட்டச் சிக்கல்களைக் குறைக்க 2014இல் சட்டமும் திருத்தப்பட்டது. மருத்துவர் அளவிட்டுக் கொடுக்கும்போது 'அது போதைப் பொருள், பழகிவிடும்' என்று கூறிக் குடும்பத்தார் தடுப்பது அறியாமை.

வரிசையிலிருந்து விலகிய நண்பர்

இந்தப் பள்ளிவாசலின் முதல் வரிசையில் பல்லாண்டுகள் தொழுத நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம். குடலில் அறுவை சிகிச்சை நடந்து, வயிற்றின் ஓரத்தில் ஒரு பை பொருத்தப்பட்டது. மலம் அதில்தான் சேரும். அதன்பின் அவர் ஜும்ஆவுக்கும் வரவில்லை. நோய் முற்றிவிட்டது என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். நேரில் சென்று கேட்டபோது தலை குனிந்து சொன்னார்: "வாடை வந்துருமோன்னு பயமா இருக்கு, சார். பக்கத்துல நிக்கிறவர் நகர்ந்து நின்னா நான் செத்துருவேன்."

அந்த அறுவை அவர் உயிரைக் காத்தது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் தோளோடு தோள் நின்ற இடத்தை அவர் இழந்திருந்தார். ஹஜ்ரத் அவர்கள் மறுநாளே அவர் வீட்டுக்குச் சென்றார்கள். தடுக்க முடியாத தடங்கல் உடையவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் உளூ செய்துகொண்டு தொழலாம் என்ற சட்டத்தை விளக்கினார்கள். பை சரியாகப் பொருந்தியிருந்தால் வாடை வராது என்பதையும், அதனை மாற்றும் முறையைக் கற்றுத்தரச் செவிலியர்கள் இருப்பதையும் மருத்துவமனையில் கேட்டு அறிந்தோம். முதலில் கடைசி வரிசையில், கதவோரம், ஒரு நாற்காலியில் வந்து அமர்ந்தார். நான்கைந்து வாரங்களுக்குப் பின் முன்னே வந்தார். இன்று இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். எங்கே அமர்ந்திருக்கிறார் என்று தேடாதீர்கள். தேடாமல் இருப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

நலம் விசாரிக்கச் செல்வோர்

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொருவருக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை அறிவோம். கடமையை நிறைவேற்றும் அவசரத்தில் அதன் ஒழுங்கை மறந்துவிடுகிறோம். என் மனைவியைப் பார்க்க வந்த ஓர் அம்மையார், "எங்க தெருவிலயும் இதே நோய்தான், மூணே மாசத்துல முடிஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுத் தேநீர் அருந்திச் சென்றார். பத்துப் பேர் ஒருசேர வந்து கட்டிலைச் சூழ்ந்துகொண்டு, அவரை விட்டுவிட்டுத் தமக்குள் பேசிக்கொண்டிருந்த நாள்களும் உண்டு.

இதைவிடக் கூர்மையான ஒன்றையும் சொல்கிறேன். குரோம்பேட்டை மண்டபம் ஒன்றில் எங்கள் உறவுப் பெண்ணின் நிக்காஹ் நடந்தது. எங்கள் குடும்பத்தில் எந்த விருந்தானாலும் பிரியாணிக்கு அரிசி அளந்து கொடுப்பது என் மனைவிதான். அவர் கை அளவு தப்பாது. அன்று "உங்களுக்கு ஏன் சிரமம்?" என்று அன்போடு சொல்லி, மின்விசிறியின் கீழ் ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது அவர் சொன்னார்: "நான் இன்னும் மவுத்தாகலையே. அரிசி அளக்கிற கை நல்லாத்தானே இருக்கு." மாண்பு என்ற பெரிய சொல்லுக்கு நான் அறிந்த பொருள் இதுதான்: முடிந்த வேலையை அவரிடமே விட்டுவிடுவது.

ஆகவே செல்லும்போது முன்னறிவித்துச் செல்வோம். சிறிது நேரமே இருப்போம். பிறர் நோய்க் கதைகளைச் சொல்லாதிருப்போம். கேள்விப்பட்ட லேகியத்தையும் மூலிகையையும் பரிந்துரைத்து நடக்கும் சிகிச்சையை நிறுத்தச் செய்யாதிருப்போம். 'ஏதேனும் வேண்டுமானால் சொல்லுங்கள்' என்று பொதுவாகச் சொல்வதைவிட, 'வியாழக்கிழமை மருத்துவமனைக்கு நான் உடன் வருகிறேன்' என்று சொல்வோம். கதிர்வீச்சு சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாள்கள், பல வாரங்கள் சென்றுவர வேண்டும். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை ரயில், அங்கிருந்து பேருந்து என்று வாந்தியோடும் களைப்போடும் சென்றுவருபவரின் பையைச் சுமக்க ஒரு கை கிடைத்தால் அதுவே பேருதவி.

கனடாவின் மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் என்பவர், வாழ்வின் இறுதிக் கட்டத்தில் உள்ளவர்களை அவரவர் வாழ்க்கைக் கதையைச் சொல்ல வைத்து, அதனை எழுதித் திருத்தி, அவர்கள் கையிலேயே கொடுக்கும் முறையை உருவாக்கினார். 2005இல் வெளிவந்த ஆய்வில் நூறு பேரில் 76 பேர், தம் கண்ணியம் உயர்ந்ததாக உணர்ந்தோம் என்றார்கள். இதற்கு மருத்துவமனை கூடத் தேவையில்லை. என் பேத்தி தன் பாட்டியை அருகில் அமர்த்தி, சிறு வயதுக் கதைகளையும் சமையல் பக்குவங்களையும் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கிறாள். அந்தக் குரல் எங்கள் வீட்டில் இன்றும் இருக்கிறது.

ஜமாஅத்துக்குச் சில கோரிக்கைகள்

நிர்வாகக் குழுவினருக்கு என் பணிவான கோரிக்கைகளை முன்வைக்கிறேன். பெரும் செலவு எதுவும் இல்லை.

ஒன்று: ஆண்கள் மூவர், பெண்கள் மூவர் கொண்ட ஒரு துணைக்குழு அமைக்க வேண்டும். மருத்துவமனைக்கு உடன் செல்வதும், வீட்டில் நோயாளியைக் கவனித்துக்கொள்பவருக்கு வாரத்தில் ஓர் அரைநாள் ஓய்வு கொடுப்பதும் அதன் பணி. நோயாளியைக் கவனிக்கும் மனைவியோ மகளோ எப்போது உறங்கினார் என்று எவரும் கேட்பதில்லை. அறிந்த செய்தியை வெளியே சொல்லாதவர்களை மட்டுமே அக்குழுவில் சேர்க்க வேண்டும்.

இரண்டு: பைத்துல்மாலிலிருந்து மருத்துவ உதவி பெறுபவரின் பெயரை அறிவிப்புப் பலகையில் எழுதும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். ஆண்டறிக்கையில் தொகையும் எண்ணிக்கையும் இருந்தால் போதும். உதவி கேட்கத் தகுதியிருந்தும் அந்தப் பலகைக்கு அஞ்சி வராதவர்கள் இருக்கிறார்கள்.

மூன்று: கதவோரம் நான்கு நாற்காலிகளும், உளூ செய்யும் இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் அமைக்க வேண்டும்.

நான்கு: அரசின் உதவிகளை ஒரு தாளில் அச்சிட்டு வழங்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைகளும் அடங்கும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிப்புக் கவனிப்பு அளிக்கிறார்கள். மனவேதனை தாங்காதவர்கள் 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகையும் உண்டு.

அன்பார்ந்த சகோதரர்களே! இன்று வீடு திரும்பியதும், நம் உறவிலோ தெருவிலோ நோயுற்றிருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நாம் அவரைப் பற்றிப் பிறரிடம் எத்தனை முறை பேசியிருக்கிறோம், அவரிடம் எத்தனை முறை பேசியிருக்கிறோம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். என் கணக்கில் ஐந்து மாதங்கள் பற்றாக்குறை விழுந்தது. அதை இனி நான் ஈடுசெய்ய முடியாது. உங்களால் முடியும்.

நோயுற்றிருக்கும் அனைவருக்கும் எல்லாம் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! அவர்களைக் கவனித்துக்கொள்வோருக்கு உடல் வலிமையையும் மன அமைதியையும் தருவானாக! மறைந்தவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்பதவி அளிப்பானாக! ஆமீன்.